ஹெட்போனை மாற்றி மாட்டிய நாள்

லேப்டாப் திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினான் அந்தோணி. என் கணவர் முகம் துடைக்கிற பச்சைக் கட்டம் போட்ட துண்டு.

"இனிமே கண்ணுக்கு வேலை இல்லக்கா. எல்லாம் காதுதான்" என்றான்.

ஆலங்குடியில் எங்கள் மைக் செட் கடை. காலை பதினோரு மணி இருக்கும். வெயில் உள்ளே வராமல் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தோம். பக்கத்துக் கொல்லையில் யாரோ முந்திரிக்கொட்டை சுட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகை கண்ணைக் கரித்தது. மேசை மேல் டி.ஜே. பெட்டி. எதிரே என் முகத்தைப் பார்த்தபடி ஒரு மானிட்டர் ஸ்பீக்கர். கழுத்தில் ஹெட்போன்.

போன வாரம் இதே பக்கத்தில் நான் டி.ஜே. ஆன கதையைச் சொன்னேன். அதைப் படிக்காதவர்களுக்காக இரண்டே வரி. ஒரு கல்யாண வரவேற்புக்கு வரவேண்டிய திருச்சி டி.ஜே. வராமல் போக, ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்த என்னை என் கணவர் சேகர் மேடையில் ஏற்றிவிட்டார். மேடையில் இருப்பது பெண் என்று தெரிந்ததும் அதுவரை நாற்காலியை விட்டு எழாத பெண்களெல்லாம் ஆட வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து "அந்த அக்காவே வரட்டும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது மிக்ஸிங் தெரியாது.

வெயிலில் கெட்ட பேர்

டி.ஜே. வேலை என்றால் பாட்டைப் போட்டுவிட்டுக் கையை ஆட்டுவது என்று ஊரில் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு பாட்டு முடிவதற்குள் அடுத்த பாட்டை அதன் மேல் ஏற்ற வேண்டும். ஆடுகிறவர்களுக்கு அது தெரியக் கூடாது. ஓடுகிற பாட்டு மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்கும். அடுத்த பாட்டு நம் ஹெட்போனில் மட்டும் ஓடும். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் ஸ்பீக்கர். இரண்டு தாளமும் ஒன்றாக விழும்வரை அடுத்த பாட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் சரிசெய்ய வேண்டும். கும்மியில் ஒருத்தி கை பிந்தினாலும் வட்டம் கெட்டுப்போகும் அல்லவா, அதே கணக்குதான்.

நான் இதைக் கண்ணால் செய்துகொண்டிருந்தேன். லேப்டாப் திரையில் இரண்டு பாட்டும் இரண்டு அலைகளாக ஓடும். கோட்டுக்குக் கோடு சேர்த்துவிட்டால் தீர்ந்தது. காதால் செய்து பார்த்தபோதெல்லாம் ஏனோ குழம்பியது. சரி, நமக்கு வராது போல என்று விட்டுவிட்டேன்.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் குட்டு உடைந்தது. பட்டப்பகல், திறந்த பந்தல். வெயில் நேராகத் திரையில் அடித்து, என் முகம்தான் அதில் தெரிந்தது. குத்துமதிப்பாக ஒரு பாட்டை ஏற்றினேன். இரண்டு தாளமும் தடக் தடக் என்று மோதி, ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் தடுமாறி நின்றார்கள். "என்னங்க, ரேசன் கடை வரிசை மாதிரி இடிச்சுக்கிட்டு வருது பாட்டு?" என்று ஒரு பெரியவர் கேட்க, பந்தலே சிரித்தது.

இந்த நிலையில்தான் பொன்னமராவதியில் இருக்கிற என் அண்ணன், மகளுக்குக் காதணி விழா வைத்தான். பிளெக்ஸில் பாப்பாவின் படத்துக்குக் கீழே என் படம், "டி.ஜே. கலா" என்று. அதுவும் திறந்த பந்தல், அதுவும் பகல். சொந்தபந்தம் முழுக்க வரும். அண்ணி வீட்டார் வேறு, "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்று ஏற்கெனவே ஒரு சொல் சொல்லியிருந்தார்கள். அங்கே பாட்டு மோதினால் ஜெராக்ஸ் கடைக்கே திரும்பிப் போய்விட வேண்டியதுதான்.

அதனால்தான் அந்தோணி. என்னைவிடப் பத்து வயது சின்னவன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பார்ட்டி ஹாலில் டி.ஜே. செய்தவன். ஊர் திரும்பி எங்களிடம் செட் வாடகைக்கு எடுப்பான். சொல்லிக் கொடுக்கச் சொன்னதும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டான்.

ஒயர் அறுந்துபோச்சு

துண்டு போட்டு மூடியபின் அரை மணி நேரம் போராடினேன். வலக்காதில் ஹெட்போன். அடுத்த பாட்டு நன்றாகக் கேட்டது. ஓடுகிற பாட்டு மட்டும் எங்கோ அடியில் அமுங்கிப் போயிற்று.

"ஸ்பீக்கரைக் கேளுங்கக்கா. இடது காதுல."

"கேக்குறேன்பா."

"கேட்டா இப்புடி ஓடாதே. வேகம் எங்கிட்டோ போகுது."

கடைசியில் அவனே ஒரு யோசனை சொன்னான். சில பேருக்கு ஒரு காதைவிட மறு காது கூர்மையாக இருக்கும், ஹெட்போனை மாற்றி மாட்டிப் பாருங்கள் என்றான். ஸ்பீக்கரில் ஓடிய பாட்டையும் நிறுத்தினான். மாற்றி மாட்டினேன். இடக்காதில்.

"போடு" என்றேன்.

"போட்டுட்டேன்."

"வரலையே."

"ஓடுதுக்கா."

ஒயரை ஆட்டினேன். பின்னைக் கழற்றி மாட்டினேன். "ஒயர் அறுந்துபோச்சு தம்பி, வேற எடு" என்றேன். அவன் சத்தத்தைக் கூட்டினான். இன்னும் கூட்டினான். எங்கோ நாலு வீடு தள்ளிப் பாடுகிற மாதிரி ஏதோ கேட்டது. அதுவும் ஹெட்போன் இல்லாத வலப்பக்கத்திலிருந்து.

அந்தோணி ஹெட்போனை என் தலையிலிருந்து எடுத்துத் தன் காதில் வைத்தான். வைத்த வேகத்தில் தூக்கி எறிந்தான்.

"யம்மா! காது கிழிஞ்சிரும்போல இருக்கு! இதையா கேக்கலைங்கறீங்க?"

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மேசையிலிருந்த என் போனை எடுத்து, அதில் ஏதோ பேச்சைச் சன்னமாக ஓடவிட்டு, என் இடக்காதில் வைத்தான். ஒன்றுமில்லை. வலக்காதில் வைத்தான். ஒரு பெண் கோழிக் குழம்பு வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுபடி இடக்காது. ஒன்றுமே இல்லை.

என் வயது முப்பத்தெட்டு. இரண்டு பிள்ளை பெற்றவள். எனக்கு ஒரு காது கேட்காது என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அழுத்தக்காரி

அது எப்படித் தெரியாமல் போகும் என்று கேட்பீர்கள். நானும் அதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டேன். ஒரு காது நன்றாகக் கேட்டால் மறு காது இல்லாதது தெரிவதே இல்லை. போனை வலக்கையால்தான் எடுக்கிறோம், வலக்காதில்தான் வைக்கிறோம். டி.ஜே. ஆனபின்பும் ஹெட்போனை அதே காதில்தான் வைத்தேன். எல்லோருக்கும் உலகம் இப்படித்தான் ஒரு பக்கமாகக் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு "அழுத்தக்காரி" என்று பெயர். கூப்பிட்டால் பதில் சொல்ல மாட்டாளாம். கண்ணைக் கட்டி விளையாடினால் எல்லோரும் கைதட்டுகிற பக்கம் போகாமல் எதிர்ப்பக்கம் போய்ச் சுவரில் முட்டுவேன். "கிறுக்கி" என்று சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். இன்றைக்கும் பின்னால் ஹாரன் அடித்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நடுரோட்டில் நிற்பவள் நான்.

அம்மாவோடு பஸ்ஸில் போவது ஞாபகம் வந்தது. எந்த பஸ்ஸாக இருந்தாலும் அம்மா என் இடப்பக்கம்தான் உட்காருவாள். எனக்கு ஜன்னல் வேண்டும் என்று அடம்பிடித்தாலும், ஜன்னல் அந்தப் பக்கம் இருந்தால் தர மாட்டாள். உட்கார்ந்ததும் என் பக்கம் லேசாகச் சாய்ந்துகொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வருவாள். சாமி பேர் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். அம்மாவுக்குச் சாமி பக்தி அதிகம்.

மறுநாளே புதுக்கோட்டைக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தேன். கண்ணாடி போட்ட அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வலக்காதுக்குக் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். இடக்காதுக்குக் கை மடியிலேயே கிடந்தது.

"இது பழசும்மா. நரம்பு போயிருக்கு" என்றார் அந்த டாக்டரம்மா. "சின்ன வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

"தெரியலைங்களே."

"அம்மா இருக்காங்கல்ல? கேட்டுப் பாருங்க."

"யாரு சொன்னா?"

அங்கிருந்து நேராகப் பொன்னமராவதி பஸ் ஏறினேன். வீட்டில் அண்ணன் இல்லை. அம்மா தரையில் உட்கார்ந்து காதணி விழாப் பத்திரிகைகளின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியும் கழற்றாமலும் கேட்டேன்.

"எனக்கு இடது காது கேக்காதாம்மா?"

அம்மாவின் விரல் பத்திரிகையின் மூலையிலேயே நின்றது.

"யாரு சொன்னா?" என்றாள்.

என்னடி சொல்கிறாய் என்று பதறியிருந்தால் தாங்கியிருப்பேன். யார் சொன்னது என்று கேட்டாள். என் அம்மாவுக்குத் தெரியும். இத்தனை வருசமாகத் தெரியும். அந்தோணி ஹெட்போனைத் தூக்கி எறிந்தபோது வந்த அதிர்ச்சி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்புறம் அவள் சொன்னாள். மஞ்சள் கையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல்.

எனக்கு ஆறு வயதில் இரண்டு கன்னமும் வீங்கிப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது. எங்கள் பக்கம் அதற்கு வைத்தியம் தெரியுமல்லவா, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்பார்கள். எங்கள் வீட்டில் குண்டுமணித் தங்கம் கிடையாது. அம்மா தன் அக்காவிடம், அதாவது என் பெரியம்மாவிடம், சங்கிலி இரவல் வாங்கிப் போட்டிருக்கிறாள். ஒன்பது நாள். காய்ச்சல் கொதித்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கலாமா என்று அம்மா கேட்டதற்கு, பொன்னுக்கு வீங்கிக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவார்களா என்றார்களாம். பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது. சங்கிலி வேலை செய்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோசம்.

"ஒரு மாசங்கழிச்சு ஒனக்குத் தலைவாரிக்கிட்டே அந்தக் காதுப் பக்கம் கூப்புட்டேன். நீ திரும்பல. தட்டத் தூக்கிப் போட்டேன். அங்கிட்டுப் பாக்குற. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு."

"டாக்டருக்கிட்ட காட்டலையா?"

"காட்டுனேன். கவுனு எடுக்கப் போவோம்னு ஒன்னைய புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போகல?"

போனேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரோஸ் கலர் கவுன். ஒரு பாட்டில் ரோஸ் மில்க். நடுவில் ஒரு மாமா கவட்டை மாதிரி ஒரு கம்பியைத் தட்டி என் காதருகே பிடித்து விளையாட்டுக் காட்டினார். என் பிள்ளைப் பருவத்திலேயே சந்தோசமான நாள் என்று நான் எத்தனையோ பேரிடம் சொன்ன நாள் அது.

"இனி ஒண்ணுஞ் செய்ய முடியாது, ஒரு காது நல்லாருக்கு, பொழச்சுக்குவான்னு சொல்லிட்டாரு. பொம்பளப் புள்ள. செவிட்டுப் புள்ளன்னு பேரு விழுந்துட்டா யாரு கட்டுவா? ஒனக்கே தெரியலைன்னா ஊருக்கு எப்படித் தெரியும்னு நெனச்சேன். அந்தப் பக்கம் எவளும் வந்து ஒன்னைய கூப்புட்டுறக் கூடாதுன்னு நானே நின்னுக்கிட்டேன்."

"என் காது. எனக்குச் சொல்ல மாட்டியா நீ?"

"விசேசம் முடியட்டும் தாயி. அண்ணி வீட்டுக்குத் தெரிய வேணாம். மாப்பிள்ளைக்கும் சொல்லாத" என்றாள் அம்மா.

அண்ணி காப்பி கொண்டுவந்தாள். தொடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மணவறையில் ஒரு கேள்வி

மாப்பிள்ளைக்குச் சொல்லாமல் இருக்க நான் என்ன என் அம்மாவா? வந்ததும் கொட்டிவிட்டேன். காதை மறைத்துக் கட்டிக்கொடுத்த கல்யாணம் இது, என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டேன். குரல் எனக்கே விகாரமாக இருந்தது.

சேகர் ஒயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தவர், சூடான சாலிடர் கம்பியைத் தாங்கியில் வைத்தார்.

"அப்ப மணவறையில கேக்கலையா ஒனக்கு?"

"என்ன?"

"தாலி கட்டுறதுக்கு முந்தி, எனக்கு வலதுபக்கம் ஒக்காந்திருந்தியே, ஒன் எடக்காதுகிட்ட குனிஞ்சு, 'பசிக்குதா'ன்னு கேட்டேன். நீ திரும்பிக்கூடப் பாக்கல. சரி, இந்தப் பொண்ணுக்கு என்னையப் புடிக்கலபோலன்னு நெனச்சேன். நாலஞ்சு மாசம் அதே நெனப்பாவே இருந்தேன் கலா."

பதினாறு வருசத்துக் கேள்வி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"பசிச்சுச்சு. காலையில இருந்து ஒண்ணும் சாப்புடல" என்றேன்.

நடுவில் ஒரு திருகு

டி.ஜே. வேலையை விட்டுவிடுகிறேன் என்று அந்தோணியிடம் சொன்னேன். இரண்டு காது வேண்டிய தொழிலுக்கு ஒரு காதோடு வந்தவள் நான்.

அவன் பெட்டியில் ஒரு சின்னத் திருகைக் காட்டினான். ஒரு பக்கம் திருப்பினால் அடுத்த பாட்டு மட்டும் ஹெட்போனில் வரும். மறுபக்கம் திருப்பினால் ஓடுகிற பாட்டு. நடுவில் வைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே காதுக்கு வரும்.

"இது எனக்கு மொதல்லயே தோணிருக்கணும். நடுவுல வைங்க."

வைத்தேன். சந்தை இரைச்சலாக இருந்தது. எது எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை. அடுத்த பாட்டின் கனத்த சத்தத்தைக் குறைத்து, மேலே விழுகிற டிக் டிக்கை மட்டும் பிடிக்கச் சொன்னான். ஓடுகிற பாட்டின் அடித்தாளம் குழம்பினால் மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்ளச் சொன்னான். கையில் தும் தும் என்று வரும். காதில் டிக் டிக் என்று வரும்.

மூன்று வாரம். தினமும் திரையில் அதே துண்டு. முதல் வாரம் அழுதேன். இரண்டாம் வாரம் அந்தோணியைத் திட்டினேன். மூன்றாம் வாரம் ஒரு மத்தியானம் கையும் காதும் ஒன்றாக அடித்தன. எந்தப் பாட்டில் எந்தப் பாட்டு கலந்தது என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் நின்ற சேகர், "எப்ப மாத்துன?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை பாடும்.

அம்மாவோடு அதுவரை பேசவில்லை. அவள் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை.

இங்கிட்டு வா

காதணி விழா அன்று காலை பத்து மணிக்கே பந்தலில் வெயில் இறங்கிவிட்டது. லேப்டாப் திரையில் என் முகம்தான் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

வரிசையாக ஐந்து பாட்டு. ஒன்று இன்னொன்றில் கரைந்து போயிற்று. யாரும் நிற்கவில்லை. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்த அண்ணியின் அம்மாவே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆட வந்துவிட்டார். கீழே சவுண்ட் மிக்சர் பக்கத்தில் நின்ற அந்தோணி கட்டை விரலைக் காட்டினான்.

ஆசாரி வந்தார். தாய்மாமன் மடியில் பாப்பாவை உட்காரவைத்தார்கள். ஊசி இறங்கியதும் பாப்பா வீறிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

அப்போதுதான் அம்மா மேடை ஏறி வந்தாள். வழக்கம்போல என் இடப்பக்கம் வந்து நின்றாள். பிள்ளையின் காதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைக்கண்ணில் பார்த்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது.

பஸ்ஸில் அசைந்த அதே அசைவு. என் தோள் பக்கம் அதே சாய்மானம்.

சாமி பேர் சொல்ல எதற்கு என் காதுப் பக்கம் சாய வேண்டும்? அதுவும் கேட்காத காது என்று தெரிந்த காதின் பக்கம்?

ஓடுகிற பாட்டில் இன்னும் ஒரு நிமிடம் இருந்தது. அடுத்த பாட்டு ஹெட்போனில் தயாராக இருந்தது. ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டேன். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"இங்கிட்டு வா."

"என்னடி?"

"இங்கிட்டு வந்து சொல்லு. அங்கிட்டுச் சொன்னது என்ன?"

"ஒண்ணுமில்ல. சாமிய நெனச்சுக்கிட்டேன்."

"சாமி என் எடக்காதுலயா இருக்கு? சொல்லும்மா."

அம்மா தலையை ஆட்டினாள். நான் கையை விடவில்லை. வலக்காதைக் கொண்டுபோய் அவள் வாயருகே வைத்தேன். ஸ்பீக்கர் அதிர்ந்துகொண்டிருந்தது. அம்மா ஏதோ சொன்னாள். பாட்டுச் சத்தத்தில் அதுவும் கேட்கவில்லை.

"கேக்கல! சத்தமாச் சொல்லு!"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இரைச்சலுக்கு மேல் தொண்டை கிழியக் கத்தினாள்.

"முப்பது வருசமா அந்தக் காதுகிட்டதான்டி சொல்லிக்கிட்டு இருக்கேன்! தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாம, ஒரு சங்கிலியப் போட்டுட்டு ஒக்காந்திருந்தேன்! என் புள்ள காத நான்தான் கெடுத்தேன்!"

கடைசி வரிக்கு முன்னால் பாட்டு முடிந்துவிட்டது. அடுத்ததை நான் ஏற்றவில்லை.

பந்தல் முழுக்க அந்த ஒரு வரிதான் கேட்டது. கை தூக்கி ஆடியவர்கள் தூக்கிய கையோடு நின்றார்கள். அண்ணி, அண்ணி வீட்டார், ஆசாரி, முதல் வரிசையில் சங்கிலிக்காரப் பெரியம்மா, எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். பாப்பாகூட அழுகையை நிறுத்திவிட்டாள். யாருக்கும் தெரியக் கூடாது என்று என்னிடமே மறைத்தவள், ஊருக்கு முன்னால் கத்திவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கோபம் அப்போதும் போகவில்லை. இன்றும் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் அம்மா பேசி, நான் கேட்காமல் விட்ட அத்தனை பஸ் பயணமும் ஒன்றாக வந்து நெஞ்சில் இடித்தது.

"கலா, பாட்டு!" என்று கீழேயிருந்து சேகர் கத்தினார்.

ஹெட்போனை எடுத்து வலக்காதில் மாட்டினேன். பட்டனை அமுக்கினேன். முதலில் சின்னப் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள், அப்புறம் மற்றவர்கள். அம்மா கீழே இறங்கப் போனாள். முந்தானையைப் பிடித்து நிறுத்தினேன்.

பந்தி முடிகிறவரை அவள் என் வலப்பக்கத்தில்தான் நின்றாள்.